தோல் ஆலைக் கழிவு நீரும் நாணல் பாத்தியும்

(ஊராட்சி மன்றத் தலைவர்களும் உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவ்வூருக்கு மேற்கே உள்ள தோல் பதனிடும் ஆலையினர், தங்கள் கழிவு நீரை நாணல் வளர்த்துச் சுத்தம் செய்ய விரும்புகிறார்களாம். அதற்காக ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் ஓர் ஏக்கர் நிலம் கேட்டிருக்கிறார்கள். சுத்தமான நீரை ஏரியிலேயே விட்டுவிடுவதாகவும், ஏரியும் நிரம்பும், பாசனமும் நடக்கும் என்றும் கூறியிருக்கிறார்கள். மன்றத்தில் பாதிப் பேர் 'கொடுக்கலாம்' என்றார்கள். பாதிப் பேர் 'கூடாது' என்றார்கள். முடிவு செய்ய இயலாமல் நம்மிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அவ்வூருக்குத் தரும் யோசனை நம் எல்லா ஊர்களுக்கும் பயன்படக் கூடியதாகையால், அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

அக்கடிதம் பற்றி விசாரிக்க அவ்வூருக்குச் சென்றபோது, வயது முதிர்ந்த ஒரு குடியானவர் நம்மைத் தம் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். தொண்ணூறு அடிக் கிணறு. நீர் நிறைய இருக்கிறது. ஆனால் கவலை ஓட்டிய காலத்து நெல் வயல் இன்று வெள்ளைப் பூத்துக் கிடக்கிறது. "ஐயா, இந்த நாணல் வைத்தால் எங்கள் கிணறு பழையபடி ஆகுமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவதே இன்று நமது கடமை. விடையை இறுதியில் கூறுவோம். அதற்கு முன் சில செய்திகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலிலிருந்து நீருக்கு

நம் பக்கத்தில் டேனரி என்றும் தோல் ஷாப் என்றும் வழங்கும் இத்தொழில் நமக்குப் புதியதன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. அப்பொழுதும் நாற்றமும் கழிவும் உண்டு. ஆனால் அளவு குறைவு. 1970களில் மூலத் தோலையும் அரைப் பதத் தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதில் கட்டுப்பாடுகள் வந்தபின், முழுதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பும் முறை பெருகியது. குரோமிய உப்பைக் கொண்டு விரைவில் பதனிடும் முறையும் அதனுடன் பரவிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு இத்தொழிலால் அடுப்பெரிகிறது. உழவர் வீட்டுப் பெண்களே காலணித் தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போகிறார்கள். ஆகவே இத்தொழில் ஒழிய வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதன் கழிவு நம் நிலத்தில் தங்கக் கூடாது என்றுதான் கூறுகிறோம்.

தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிடுகிறார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்புச் சேர்கிறது. ஆலைக்கு வந்ததும் தோலை நீரில் ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் இறங்கிவிடுகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிரை நீக்குகிறார்கள். ஒட்டிய சதையைச் செதுக்குகிறார்கள். அமிலமும் உப்பும் சேர்த்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அதன்பின் டிரம்மில் இட்டுக் குரோமியம் ஏற்றுகிறார்கள். வழக்கமான முறையில், இட்ட குரோமியத்தில் நூற்றுக்கு அறுபது அல்லது எழுபது பங்கையே தோல் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது நீரோடு போகும். ஒரு கிலோ தோலை முடிக்கச் சராசரி 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், சுமார் 170 வகை இரசாயனப் பொருள்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறது.

ஆகவே இக்கழிவு நீரில் மூன்று வகைத் தீங்குகள் உள்ளன என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அழுகும் பொருள்: மயிர், சதைத் துணுக்கு, கொழுப்பு, இரத்தம். இரண்டு, உலோகம்: குரோமியம். மூன்று, கரைந்த உப்பு. இம்மூன்றும் மூன்று வேறு இயல்பு உடையவை. ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்கு ஏற்காது. இன்றைய பேச்சில் வேறெதை மறந்தாலும் இதனை மறக்கலாகாது.

நீதிமன்றம் கூறியது

1996 ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நம் மாவட்டத்தார் யாவரும் அறிவர். தோல் ஆலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமற் போயிற்று என்ற ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் கணக்கெடுத்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்றும் அதில் கண்டிருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடுமுன் காப்பது கடமை என்ற இரு கோட்பாடுகள் நம் நாட்டின் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பினால்தான். அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. அதன்பின்னும் குறைகள் தீரவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, எஞ்சிய இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைத்து மேற்பார்க்கவும் பணித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. நிலம் கெடுவதற்குச் சில ஆண்டுகள் போதும். அதனைத் திருத்த ஒரு வாழ்நாள் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நாணல் பாத்தி என்பது யாது?

இனி நாணல் பாத்திக்கு வருவோம். ஏரியின் கடைக்கோடியில், வாய்க்கால் தேங்கும் இடத்தில் சம்பும் கோரையும் மண்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலங்கிய நீர் அப்புதருக்குள் நுழைந்து மறுபக்கம் தெளிந்து வருவதையும் கண்டிருப்பீர்கள். இயற்கை செய்யும் அவ்வேலையை, அளவு பார்த்து, கரை கட்டி, நாமே செய்துகொள்வதுதான் செயற்கைச் சதுப்பு நிலம். எளிதாகச் சொல்ல நாணல் பாத்தி என்போம்.

ஜெர்மனி நாட்டில் பிளோன் என்னும் ஊரில் இருந்த மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் கேத்தே சைடல் என்ற அம்மையார் 1950களின் தொடக்கத்தில் கோரைச் செடிகளைக் கொண்டு கழிவு நீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் ரைன்ஹோல்ட் கிக்குத் என்பவர் அதனை வேர் மண்டல முறையாக வளர்த்தார். 1974இல் அந்நாட்டின் ஓத்ஃப்ரெசன் என்னும் ஊரில் அம்முறைப்படி ஊர்க் கழிவு நீருக்குப் பாத்தி அமைந்தது. இன்று உலகெங்கும் சிற்றூர்களில் இம்முறை வழக்கில் உள்ளது. நம் நாட்டிலும், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லில் குடியிருப்புகளின் கழிவு நீர் இவ்வாறு சரளைப் பாத்திகளில் சுத்தம் செய்யப்படுவதை நேரில் சென்று காணலாம்.

பாத்தியின் அமைப்பு எளியது. ஏறத்தாழ இரண்டடி ஆழத்தில் நீண்ட தொட்டி வெட்டவேண்டும். நீர் கீழே கசியாதபடி அடியிலும் பக்கத்திலும் கெட்டியான களிமண்ணோ தடித்த பாலித்தீன் விரிப்போ இடவேண்டும். நீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் கைப்பிடியளவு பெருங்கற்களையும், நடுவில் சிறு சரளையையும் நிரப்ப வேண்டும். அடித்தளம் நூறடிக்கு ஓரடி அளவிற்குச் சரிந்திருந்தால் போதும். சரளையில் நாணலும் சம்பும் நடவேண்டும். நீர்மட்டம் சரளையின் மேற்பரப்புக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே நிற்க வேண்டும். மேலே நீர் தெரியாது. ஆகவே கொசுவும் இல்லை, நாற்றமும் குறைவு. மின்சாரம் அநேகமாக வேண்டுவதில்லை.

சுத்தம் செய்வது செடியே என்று பலர் எண்ணுகிறார்கள். செடி உறிஞ்சுவது சிறு பகுதியே. சரளையின் மேலும் வேரின் மேலும் படிந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அழுகும் பொருளைத் தின்று செரிக்கின்றன. நாணலின் தண்டு உள்ளே புழை உடையது. அதன் வழியாகப் பிராணவாயு வேருக்கு இறங்கி, வேரைச் சுற்றி நுண்ணுயிர்கள் வாழ இடம் செய்கிறது. வேர் ஊடுருவுவதால் சரளை அடைபடுவதும் குறைகிறது. குரோமியம் பெரும்பாலும் சரளையிலும் சேற்றிலும் வேரிலும் பிடிபட்டுத் தங்கிவிடுகிறது.

தோல் ஆலைக் கழிவுக்கு இது ஆகுமா?

ஆகும், ஆனால் வரம்புடன் ஆகும். போர்த்துகல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நமக்கு மிகவும் உதவுகிறது. அவர்கள் தோல் ஆலைக் கழிவு நீரைப் பாத்திகளில் விட்டு, கல்வாழை, சம்பு, நாணல் முதலான ஐந்து வகைச் செடிகளைச் சோதித்தார்கள். நாணலும் சம்புமே நன்கு வேர்பிடித்து நிலைத்தன. அழுகும் பொருளின் அளவு நூற்றுக்கு 41 முதல் 58 பங்கு வரை குறைந்தது. அதே ஆராய்ச்சியாளர்கள் 2012இல் உப்பு மிகுந்த கழிவுக்கு உப்பைத் தாங்கும் செடிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். வங்கதேசத்திலும் அதே 2012இல், தென்னை நார்த்தூளும் இரும்பு உலைக் கசடும் நிரப்பிய பாத்திகளில் தோல் ஆலைக் கழிவைத் தெளிவித்த சோதனை வெளியாயிற்று. தென்னை நார்த்தூள் நம் ஊர்களில் குவிந்து கிடக்கும் பொருள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

எனவே இம்முறை ஏமாற்று வித்தையன்று. ஆனால் இம்முறை முன்னதாகவே வடிகட்டியும் படியவைத்தும் பக்குவப்படுத்திய நீருக்கே பொருந்துவது. சல்பைடும் சுண்ணாம்பும் கலந்த பச்சைக் கழிவை நேராகப் பாத்தியில் விட்டால் செடி கருகும். சரளை சில மாதங்களில் அடைந்துவிடும். முதலில் மயிரையும் சதையையும் சல்லடையில் பிடிக்க வேண்டும். குரோமிய நீரைத் தனிக் குழாயில் பிரித்து, மக்னீசியம் ஆக்ஸைடு இட்டுப் படியவைத்து, மீட்ட குரோமியத்தை மீண்டும் டிரம்முக்கே அனுப்ப வேண்டும். சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மீட்பு முறைகளை நெடுநாளாகவே கற்பித்து வருகிறது. அதன்பின் படிவுத் தொட்டி. அதன்பின் உயிரியல் முறைச் சுத்திகரிப்பு. அதன்பின்தான் நாணல் பாத்தி. வீட்டு வேலையெல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கோலமிடுவது போல் என்று கொள்ளுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு சிறு ஆலை நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கழிவு விடுகிறது எனக் கொள்வோம். அழுகும் பொருளைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு தேவையோ, அந்த அளவைக் கொண்டே கழிவின் கனத்தை மதிப்பிடுகிறார்கள். பச்சைக் கழிவில் அது லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 150 கிலோ ஆகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2000இல் வெளியிட்ட கையேடு, ஊர்க் கழிவு நீருக்கான சரளைப் பாத்தியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 6 கிராமுக்கு மேல் ஏற்றலாகாது என்கிறது. அவ்வளவில் நிறுத்தினால்தான் வெளிவரும் நீர் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற அளவுக்குத் தெளியும். நம் நாட்டில் ஆற்றிலோ ஏரியிலோ விடும் நீருக்கு விதித்துள்ள வரம்பும் அதே 30தான். அக்கணக்கின்படி பச்சைக் கழிவுக்கு இரண்டரை ஹெக்டேர், அதாவது ஆறு ஏக்கருக்கு மேல் பாத்தி வேண்டும். கேட்டிருப்பதோ ஓர் ஏக்கர்!

முன்சுத்திகரிப்பினால் அழுகும் பொருள் லிட்டருக்கு 180 மில்லிகிராமாகக் குறைந்துவிட்டது என்றால், நாளொன்றுக்கு 18 கிலோ. பாத்தி 3,000 சதுர மீட்டர். முக்கால் ஏக்கர் போதும். நீரும் அதில் ஏழு நாள் தங்கிச் செல்லும். ஆகவே ஓர் ஏக்கர் போதுமா, போதாதா என்ற கேள்விக்கு, பாத்தியில் விடுவது எந்த நீர் என்பதே விடை. அதனை ஆலையினர் எழுத்தில் தரவேண்டும்.

உப்பின் கதை

இப்பொழுது மூன்றாவது தீங்காகிய உப்புக்கு வருவோம். அந்தக் குடியானவரின் வயலில் வெள்ளைப் பூத்திருப்பது இதுதான்.

அதே ஒரு இலட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 7,000 மில்லிகிராம் உப்புக் கரைந்துள்ளது எனக் கொள்வோம். தோல் ஆலைக் கழிவுக்கு இது மிகையான கணக்கன்று. நாளொன்றுக்கு 700 கிலோ உப்பு. ஐம்பது கிலோ மூட்டையில் பதினான்கு மூட்டை. ஆண்டில் முந்நூறு நாள் ஆலை ஓடினால் 210 டன். பத்து டன் லாரியில் இருபத்தொரு லாரி. ஓர் ஊர் ஏரியில் ஆண்டுதோறும் இருபத்தொரு லாரி உப்பைக் கொட்ட யாரேனும் சம்மதிப்பார்களா? கரைத்து ஊற்றினால் மட்டும் அது வேறு பொருளாகி விடுமா?

நாணல் பாத்தி இந்த உப்பை நீக்குமா? நீக்காது. நுண்ணுயிர் உப்பைத் தின்பதில்லை. செடி எடுத்துக்கொள்வது கைப்பிடியளவு. அதுமட்டுமன்று, நம் நாட்டுக் கோடையில் நாணல் நிறைய நீரை ஆவியாக்கிவிடும். நாளொன்றுக்கு எட்டு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றால், 3,000 சதுர மீட்டர் பாத்தியில் 24,000 லிட்டர் நீர் வானத்துக்குப் போய்விடும். உப்புப் போகாது. 76,000 லிட்டரில் அதே 700 கிலோ உப்பு நிற்கும். உள்ளே 7,000 ஆக நுழைந்தது வெளியே 9,200 ஆக வரும். நீர் தெளிவாக இருக்கும், நாற்றம் இராது, கண்ணாடி போல் மின்னும், ஆனால் முன்னிலும் உவர்ப்பாக இருக்கும். கரைந்த உப்புக்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். தெளிவைக் கண்டு மயங்கி அந்த நீரை நெல்லுக்குப் பாய்ச்சினால் இன்னும் சில வயல்கள் பூத்துப் போகும்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் பழமொழி. நிலத்தில் உப்பிட்டவரையும் நிலம் உள்ளளவும் நினைத்துக்கொண்டுதான் இருக்கும்!

உப்புக்குப் பரிகாரம் ஆலையின் வாயிலிலேயே உண்டு. ஊறவைக்குமுன் தோலை உதறினால் ஒட்டிய உப்பில் ஒரு பகுதி கொட்டிவிடும். ஊறல் நீரை மற்ற நீருடன் கலக்காமல் பிரித்து, அடியில் கசியாத வெயில் பாத்திகளில் உலர்த்தலாம். மற்ற நீரைச் சவ்வு வடிகட்டியால் வடித்து ஆலையிலேயே மீண்டும் பயன்படுத்தலாம். நம் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொதிகலனும் வைத்துச் சொட்டு நீரும் வெளிவிடாத ஏற்பாடு புகுத்தப்பட்டது இதற்காகவே. அதற்குச் செலவு மிகுதி என்பது உண்மை. அச்செலவைக் குறைக்கும் வழியாக நாணல் பாத்தியைக் காட்டுவார்கள். அழுகும் பொருளைப் பொறுத்தவரை அது நியாயம். உப்பைப் பொறுத்தவரை அது செலவைக் குறைப்பதன்று. செலவை உழவன் தலையில் மாற்றி வைப்பதாகும்.

சேறும் தட்டையும்

குரோமியத்தைப் பற்றியும் ஒரு சொல். பாத்தியில் பிடிபட்ட குரோமியம் மறைந்துவிடுவதில்லை, அங்கேயே சேருகிறது. ஆகவே அப்பாத்தியின் நாணலை மாட்டுக்குப் போடலாகாது, கூரைக்கு வேயலாகாது, எருக்குழியிலும் இடலாகாது. எரிக்கவே கூடாது. தோலுக்கு இடும் குரோமியம் கொடுமை குறைந்த வகை. எரித்தால் அதில் ஒரு பகுதி மிகக் கொடிய வகையாக மாறி, சாம்பலாய்க் காற்றிலும் மண்ணிலும் பரவக்கூடும். அறுத்த தட்டையும் வாரிய சேறும் அபாயக் கழிவுக்கென அமைந்த இடத்துக்கே போகவேண்டும். அச்செலவு ஆலையினுடையது.

சேறு எவ்வளவு அலட்சியத்துக்கு ஆளாகிறது என்பதை 2015 ஜனவரி 31ஆம் நாள் நாம் கண்டோம். இராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட பத்துப் பேர் மாண்டனர். அவர்களும் ஏழை எளியவர்களே. கழிவை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைப்பதன் விலை எப்பொழுதும் ஏழையின் கணக்கிலேயே ஏறுகிறது.

ஊராட்சி கேட்க வேண்டியவை

இவ்வளவும் தெரிந்துகொண்டபின், அந்த ஊராட்சிக்கு நமது யோசனை இதுதான். இப்பொழுதுள்ள உருவில் சம்மதம் தரவேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கை இத்தகைய காரியத்துக்கு ஒதுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். குறிப்பிட்ட ஆறுகள், ஏரிகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் மாசு விளைக்கும் தொழில்கள் கூடா என்று 1989 மார்ச் 30ஆம் நாளிட்ட அரசாணை எண் 213 அன்றே கூறிவிட்டது. பாத்தி வேண்டுமாயின் ஆலை தன் சொந்த நிலத்தில், தன் மதிலுக்குள் அமைக்கட்டும். அதற்கு நாம் தடையாக நிற்கப் போவதில்லை. ஆனால் கிராம சபையில் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேளுங்கள்:

1. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் பாத்திக்கு வரும்? அதற்குமுன் எந்தெந்தச் சுத்திகரிப்பு நடக்கும்?

2. ஊறல் நீரும் குரோமிய நீரும் தனித்தனிக் குழாயில் பிரிக்கப்படுகின்றனவா? அக்குழாய்களை நாம் பார்க்கலாமா?

3. பாத்தியிலிருந்து வெளிவரும் நீர் எங்கே போகும்? 'ஏரிக்கு' என்றால் கரைந்த உப்பு 2,100க்குள் இருக்கும் என்று யார் பொறுப்பேற்கிறார்கள்?

4. அடியில் கசியாதிருக்க என்ன விரிப்பு? கசிகிறதா என்று அறிய, பாத்தியைச் சுற்றிச் சோதனைக் கிணறுகள் உண்டா?

5. மழைக் காலத்தில் பாத்தி வழிந்தால் என்ன ஏற்பாடு? மழை இரவில் தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள் என்ற முறையீட்டை விவசாயிகளிடம் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆதலால் இக்கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

6. அறுத்த நாணலும் சேறும் எங்கே போகும்?

7. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவில் இப்பாத்தி இடம்பெற்றிருக்கிறதா?

இவ்வேழுக்கும் விடை தரும் ஆலையுடன் நாம் தோழமையாக நடந்துகொள்ளலாம். விடை தர மறுக்கும் ஆலைக்கு வேண்டியது சுத்திகரிப்பன்று, ஓர் இடம் மட்டுமே என்று அறிந்துகொள்ளலாம்.

நம் கையில் உள்ளவை

பிறரைக் கேட்பதோடு நில்லாமல் நாமே செய்யக்கூடியவையும் உண்டு. முதலாவது, கிணற்று நீரை அளப்பது. நீரின் உப்பை மின்கடத்தும் திறனால் காட்டும் பேனா போன்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதில் 3 என்று காட்டினால் லிட்டருக்கு ஏறத்தாழ 1,900 மில்லிகிராம் உப்பு என்று கொள்ளலாம். ஊராட்சி ஒன்றுக்கு ஒரு கருவி வாங்கி, பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை அளந்து, நாள் குறித்து ஒரு பேரேட்டில் எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்வார்கள். ஐந்து ஆண்டுப் பேரேடு ஒன்று இருந்தால், அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் ஆயிரம் முறையீட்டைவிட அது பேசும். குரோமியத்தை இக்கருவி காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் தெருக்களின் சாக்கடை நீர். குளியல் நீர், சமையல் நீர் இவற்றில் குரோமியமும் இல்லை. உப்பும் மிகுதியாக இல்லை. நாணல் பாத்திக்கு மிகவும் ஏற்ற நீர் இதுதான். 2020இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் இதற்கு இடமளிக்கப்பட்டது. தெருக்கோடியில் ஒரு வண்டல் தொட்டியும், அதனை அடுத்துக் கல்வாழையும் சம்பும் நட்ட சரளைப் பாத்தியும் அமைத்தால், ஏரிக்குச் செல்லும் நீர் தெளியும். வண்டலை மாதந்தோறும் வாரவேண்டும். செடியை ஆண்டுக்கு இருமுறை அறுக்க வேண்டும். அறுக்கவும் வாரவும் ஆள் குறிக்காமல் பாத்தி கட்டுவது, மேய்ப்பன் இல்லாமல் ஆடு வாங்குவது போன்றது. இம்முறையை நம் கையால் நடத்திப் பார்த்த ஊருக்கு, ஆலையினர் வந்து 'நாணல்' என்று சொன்னவுடன் எதைக் கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

இனி அந்தக் குடியானவரின் கேள்விக்கு விடை. அந்த நாணல் பாத்தியினால் உங்கள் கிணறு பழையபடி ஆகாது, பெரியவரே. அதில் இறங்கிய உப்பை எடுக்கும் ஆற்றல் நாணலுக்கு இல்லை. புதிதாக உப்பு இறங்குவது நின்று, ஏரியில் நல்ல மழை நீர் தேங்கி, பாலாற்று மணலில் வெள்ளம் ஊறி, ஆண்டுகள் பல கழிந்தால், கிணறு சிறிது சிறிதாக இனிக்கத் தொடங்கும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாம் கண்டோம். அத்தகைய வெள்ளம் வரும்போது நம் ஏரியும் ஊற்றுக்கால்களும் அதனை ஏற்கத் தூர்வாரி இருக்கவேண்டும். அந்த ஏரியில் கழிவு கலவாதிருக்க வேண்டும். ஆகவே உங்கள் கிணற்றுக்கு மருந்து நாணலில் இல்லை. ஏரியைக் காப்பதில்தான் இருக்கிறது. அந்த ஏரியையே கழிவுக்குக் கேட்கிறார்கள் என்பதனால்தான் இவ்வளவு விரிவாகப் பேச நேர்ந்தது.

அவ்வூரின் கிராம சபை அடுத்த முறை கூடும்போது இவ்வேழு கேள்விகளும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும். ஆலையினரின் விடையும் அதன்கீழே பதிவாகட்டும். கருவி வாங்கவும், நீரை ஆய்வுக்கு அனுப்பவும், தெருப் பாத்திக்கு மதிப்பீடு தயாரிக்கவும் நமது ஒன்றிய அலுவலகம் வேண்டிய உதவிகளைச் செய்யும். கேட்டு வாருங்கள்.